உப்புப்பாறைத் திட்டின் காட்டுமாடுகள்

போன மாதம் எங்கள் வீட்டுப் பசுவுக்குக் காய்ச்சல். கோபாலபுரம் பக்கத்து மிருகாசுபத்திரிக்குப் புதிதாக வந்திருக்கும் பெண் டாக்டர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். நான் கால்நடைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "ஏனுங்க சார், வெக்கை நோயைக் கண்ணால பாத்தவராமா நீங்க? எங்களுக்கு அது புஸ்தகத்துல ஒரு பக்கந்தானுங்க. இப்ப உலகத்துலயே இல்லாம பண்ணியாச்சு" என்று பேசிக்கொண்டே பசுவின் வாலைத் தூக்கி வெப்பமானியை வைத்தார். இப்போது அதில் பாதரசம் கிடையாது. கீச்சென்று கத்தி எண்ணைக் காட்டுகிறது. அதைத் துடைத்து என் மனைவி பக்கம் திருப்பி, "நீங்களே பாருங்கம்மா" என்றார்.

நான் எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

"டாக்டரம்மா கேட்டுட்டே இருக்குது, பதில் சொல்லாம எந்திரிச்சுப் போறீங்களே, இதென்ன பழக்கமுங்க?" என்று அன்று முழுக்க மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவள் சொன்னது சரிதான். எனக்கு வாய் நீளம், பொறுமை குறைவு, ஆனால் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் போகிறவன் அல்ல. அந்தப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன். ஆமாம் அம்மா, மாடுகளைக் கூட்டங்கூட்டமாக வாரிக்கொண்டு போன அந்த வெக்கையைப் பார்த்திருக்கிறேன். அதன் நாற்றம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

பயிற்சி முடித்து லைவ்ஸ்டாக் இன்ஸ்பெக்டராகச் சேர்ந்த கதையெல்லாம் பெரிதாக ஒன்றுமில்லை. பெயர்தான் இன்ஸ்பெக்டர், வேலை மாட்டின் கழுத்தைப் பிடிப்பது. முதல் வேலை இங்கேயே, கோபாலபுரம் எல்லைச் சாவடியில். கிழக்குச் சந்தைகளிலிருந்து கேரளாவுக்குள் வரும் மாடுகளை மறித்து, வெக்கைத் தடுப்பூசி போட்டு, போட்டதற்கு அடையாளமாகக் காதில் ஓர் ஓட்டை குத்தி அனுப்புவோம். ஓட்டை உள்ள மாடு என்றால் ஊசி போட்ட மாடு. மாட்டுக்காரர்கள் எல்லோருக்கும் இது தெரியும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கிறது.

எழுபதுகளின் நடுவில் என்னை இடுக்கிப் பக்கம் மாற்றினார்கள். என்ன தப்பு செய்தாய் என்று சொந்தக்காரர்கள் துருவினார்கள். தப்பொன்றும் இல்லை. அங்கே எஸ்டேட் ஜனங்கள் பேசுவது தமிழ், டாக்டருக்குத் தெரிந்தது பாதித் தமிழ். நடுவில் நிற்க ஓர் ஆள் தேவைப்பட்டது.

அந்த டாக்டரின் பெயர் வர்க்கி. ஒல்லியான மனிதர், சட்டைக் கையை எப்போதும் முழங்கைக்கு மேலே மடித்திருப்பார். குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. தொழுவத்துக்குள் நுழைந்ததும் மாட்டைத் தொட மாட்டார். வாசலிலேயே நின்று, எது தனியாக நிற்கிறது, எது அசை போடவில்லை என்று பார்த்துக்கொண்டே இருப்பார். எனக்குக் கை துறுதுறுக்கும். "சண்முகம், முதல்ல நோக்கு. பின்னெ தொட்டா மதி" என்பார். பார்த்தபின் தொட்டால் போதுமாம். அப்புறம் சாணி, மூக்கு, கண். அதற்கப்புறம் வாயைத் திறந்து மோந்து பார்ப்பார். கடைசியில்தான் வெப்பமானி. நல்ல மாடுகளை முதலில் பார்த்துவிட்டு, நோய் கண்டதற்குக் கடைசியில் போவார். திரும்பும்போது சோப்பைக் கரைத்து முழங்கை வரை கழுவுவார்.

இன்னொரு வழக்கமும் அவருக்கு உண்டு. வெப்பமானியை எடுத்துப் படித்ததும் அதை மாட்டுக்காரரிடம் கொடுத்து, "நீங்க தன்னெ நோக்குங்க" என்பார், நீங்களே பாருங்கள் என்று. எழுத்துத் தெரியாதவர்களுக்கும் கொடுப்பார். வெள்ளிக்கோடு இந்த இடத்தைத் தாண்டினால் காய்ச்சல் என்று விரல் நகத்தால் காட்டுவார். கொடுத்ததில் இரண்டு கீழே விழுந்து உடைந்தன. நான் ஒருமுறை எரிச்சலில் கேட்டேவிட்டேன். "ஏனுங்க டாக்டர், அவங்களுக்கு என்னத்தத் தெரியப் போகுதுங்க?"

"மாடு அவங்கடெயாக்கும். கொல்லணும்னு சொல்ல வேண்டி வந்தா, நான் சொல்றதை மாத்ரம் நம்பி அவங்க செய்யக்கூடாது" என்றார்.

எங்கள் ஆசுபத்திரி ஆனைக்கரைக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கிருந்து ஏலக்காடுகள் வழியாக இறங்கினால் புதிய அணையின் தண்ணீர். தண்ணீருக்கு நடுவே ஒரு மலை. தண்ணீர் ஏறும் முன் அது எல்லா மலையையும் ஒட்டிய ஒரு மலையாகத்தான் இருந்தது. ஓர் எஸ்டேட்டின் மாட்டுப்பட்டி அதன் தலையில் இருந்தது. பட்டியைப் பார்த்துக்கொண்ட சில தமிழ்க் குடும்பங்கள் அங்கேயே குடியிருந்தன. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பாட்டன் காலத்தில் தேயிலைக்கு வந்தவர்கள். அணை கட்டியதும் எஸ்டேட் விலகிக்கொண்டது. கீழே இருந்தவர்களுக்கு நிலத்துக்குப் பணம் கிடைத்தது. மேலே இருந்தவர்களுக்குப் பட்டாவும் இல்லை, போக இடமும் இல்லை. தண்ணீர் மெள்ள ஏறிச் சுற்றி வளைத்துக்கொண்டது. அவர்கள் மாடுகளோடு அங்கேயே இருந்துவிட்டார்கள். தங்கள் மலையைத் திட்டு என்பார்கள். மற்ற உலகம் முழுவதும் அவர்களுக்கு அக்கரைதான். ஆனைக்கரையும் அக்கரை, மதுரையும் அக்கரை.

மாதம் ஒருமுறை நான் அங்கே போவேன். மூங்கில் தெப்பத்தில் அரைமணி நேரம். தண்ணீரில் மூழ்கிச் செத்த மரங்கள் மொட்டையாக நிற்கும், அதன்மேல் நீர்க்காகங்கள் கூடு கட்டியிருக்கும். அணை வருவதற்கு முன் அந்தப் பறவையை அவர்கள் யாரும் பார்த்ததில்லை. நீர்நாய்களும் புதிதாக வந்தவைதான். கரையில் மீனைக் கடித்துக்கொண்டே நம்மை ஏற இறங்கப் பார்க்கும். யானைகள் தண்ணீர் ஏறும்போதே நீந்திப் போய்விட்டன. புலியும் போய்விட்டது என்று சொன்னார்கள். அது போகாமல் இருந்திருந்தால் நான் போயிருக்க மாட்டேன். முள்ளம்பன்றி, மலையணில், கருங்குரங்கு, எண்ணிக்கையில்லாத பாம்பு இவையெல்லாம் மேலே ஏறி, மிச்சமிருந்த இடத்தைப் பங்கு போட்டுக்கொண்டன. மழைக்காலத்தில் அடுப்படியில் நாகம் கிடந்தால் கோலால் தள்ளிவிட்டு உலை வைப்பார்கள். அதுவும் எங்கேதான் போகும் என்பார்கள்.

காட்டுமாடுகளும் மாட்டிக்கொண்டன. ஒரு பெரிய காளையும் ஏழெட்டுப் பசுக்களும் கன்றுகளும். கறுத்த உடம்பு, வெள்ளைக் காலுறை போட்ட கால்கள், என் தலைக்கு மேலே நிற்கும் திமில். முதல் வருடம் புல் பற்றாமல் விலாவெலும்பு தெரிய அலைந்தனவாம். அப்போதுதான் பேச்சியம்மாள் அவற்றுக்கு உப்பு வைக்கத் தொடங்கினார்.

பேச்சியம்மாள் அப்போது ஐம்பதை நெருங்கிய விதவை. நாலைந்து பசுக்களும் செல்வி என்ற மகளும்தான் சொத்து. திட்டில் உப்பு வைப்பது அவர் வீட்டு உரிமை. அமாவாசைக் காலையில் மலையின் கிழக்குச் சரிவிலுள்ள ஒரு தட்டையான பாறையில் கல்லுப்பைப் பரப்பி, பழைய எண்ணெய்த் தகரத்தைக் கம்பால் தட்டி, "வாங்கத்தா... வாங்க..." என்று நீட்டிக் கூப்பிடுவார். திட்டின் மாடெல்லாம் ஓடிவந்து நக்கும். அவை போன பிறகு இன்னொரு முறம் உப்பைப் பரப்புவார். மறுபடி தகரம். இந்த முறை புதருக்குள்ளிருந்து காட்டுமாடுகள் வரும். அவர் பத்தடி தள்ளி இடுப்பில் முறத்தை வைத்துக்கொண்டு நிற்பார். காளை எல்லாவற்றுக்கும் கடைசியாக வரும். நான் முதன்முதலில் அதைப் பார்த்தபோது மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

"பயப்படாதிய சார். அதுகளும் நம்மள மாதிரி தண்ணிக்கு நடுவுல மாட்டிக்கிட்டதுதான" என்றார்.

அந்த வருடம் மழை பொய்த்தது. அணை நிரம்பியதிலிருந்து முதல்முறையாகத் தண்ணீர் நன்றாக இறங்கியது. திட்டையும் அக்கரைக் காட்டையும் பழைய காலத்தில் இணைத்திருந்த மண்மேடு ஒன்று தண்ணீருக்கடியில் கிடந்தது. அதைக் கழுத்து என்பார்கள். கழுத்து வெளியே தெரிந்தால் மாட்டை ஓட்டிக்கொண்டு நடந்தே அக்கரை போகலாம் என்று எல்லோருக்கும் சந்தோஷம். பேச்சியம்மாளுக்கு வேறொரு சந்தோஷமும் இருந்தது. "அதுகளும் போயிரும் சார். அதுகளோட கூட்டமெல்லாம் அந்தக் காட்டுலதான இருக்கு. போவட்டும். எனக்கு உப்பு மிச்சம்" என்று சிரித்தார்.

அதற்கிடையில் செல்வி பெரியவளானாள். பேச்சியம்மாளின் தம்பி சுடலைமுத்து மறையூரில் கரும்பு ஆலையில் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தான். தாய்மாமன் சீராக ஒரு கிடேரி கொடுப்பது அவர்கள் வழக்கம். சுடலைமுத்து மலைக்குக் கீழே ஒரு சந்தைக்குப் போய், காதில் ஓட்டை போட்ட கிடேரியாகப் பார்த்து வாங்கினான். ஓட்டை இல்லாததைவிட அதற்கு விலை அதிகம். கொடுத்தான். லாரி பிடித்து, தெப்பத்தில் ஏற்றித் திட்டுக்குக் கொண்டுவந்தான். சீராக வந்த மாட்டுக்கு முதல் உப்பை உப்புப்பாறையில்தான் கொடுப்பார்கள். அமாவாசைக்குப் பூமாலை போட்டு அதைப் பாறைக்குக் கூட்டிப்போனார்கள். அது முதலில் நக்கியது. பிறகு திட்டின் மாடுகள் நக்கின. பிறகு, வழக்கம்போல, காட்டுமாடுகள்.

சில நாள் கழித்து சுடலைமுத்து ஆசுபத்திரிக்கு ஓடிவந்தான். "சார், கிடேரி கண்ணுல தண்ணியா ஊத்துது. வாயெல்லாம் நொரை. ஊசி போட்ட மாடுதான் சார், ஓட்டைகூட இருக்கு" என்றான்.

வர்க்கி டாக்டர் பையை எடுத்தார். தெப்பம் ஏறினோம்.

அன்றும் அவர் நல்ல மாடுகளைத்தான் முதலில் பார்த்தார். கிடேரியிடம் வந்தபோது உச்சிவெயில். அது தலையைத் தொங்கப்போட்டு நின்றது. பின்னங்கால் முழுக்கக் கழிச்சல் வழிந்திருந்தது. அவர் கீழுதட்டைத் திருப்பினார். ஈறு முழுவதும் தவிடு தூவிய மாதிரி வெள்ளை வெள்ளையாகப் புண். விரலால் துடைத்தால் தவிடு வந்துவிடும், அடியில் ரத்தச் சிவப்பு. நாற்றம் என் தொண்டைக்குள் இறங்கியது. பிறகு காதைப் பிடித்துப் பார்த்தார். ஓட்டையின் ஓரம் இன்னும் பொருக்குத் தட்டியிருந்தது, வட்டமும் எங்கள் கருவி குத்துகிற அளவில்லை. செருப்புத் தைக்கிறவர்களின் உளியால் எவனோ தரகன் குத்தியிருக்கிறான். ஊசி போட்டதாக நினைத்து ஆட்கள் அதிக விலை கொடுப்பார்களே.

சுடலைமுத்து எங்கள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டான். தொழுவத்து மூங்கிலைப் பிடித்துக்கொண்டு, "நல்லா இருக்கணும்னுதான் சார் பாத்துப் பாத்து வாங்குனேன்" என்று அழுதான். கூடுதலாகப் பணம் கொடுத்து நோயை வாங்கி வந்திருக்கிறான் பாவி. அந்தத் தரகன் என் கையில் அன்று கிடைத்திருந்தால் என் வேலை போயிருக்கும்.

"நின்டெ குற்றம் இல்லா" என்று டாக்டர் அவன் தோளில் கை வைத்தார். அவர் யாரையும் தொட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மறுநாளிலிருந்து வேலை. தெப்பத்தைக் கரையில் ஏற்றிக் கட்டினோம். திட்டிலிருந்து மாடோ பாலோ ஆளோ அக்கரைக்குப் போகக்கூடாது. பாலை விற்றுத்தான் அவர்கள் அரிசி வாங்க வேண்டும், அந்தப் பாலைக் குழியில் ஊற்றச் சொன்னோம். நாங்கள் மட்டும் துறையின் படகில் போய்வந்து வேண்டிய சாமான்களைக் கொண்டுவந்தோம். ஒரு எஸ்டேட் பங்களாவின் பிரிட்ஜிலிருந்து ஐஸ் கட்டி வாங்கி, பிளாஸ்கில் மருந்துக் குப்பிகளை வைத்துக் கொண்டுவந்தேன். குப்பியை உடைத்துக் குளிர்ந்த உப்புநீரில் கரைத்துவிட்டால் வெயில் ஏறுவதற்குள் போட்டு முடிக்க வேண்டும், இல்லையென்றால் அது வெறும் தண்ணீர். காய்ச்சல் இல்லாத மாடுகளுக்கு மட்டும் ஊசி. தொழுவங்களைச் சலவைச் சோடாக் கரைசலால் கழுவினோம். கிடேரி செத்தது. இன்னும் மூன்று மாடுகள் செத்தன, அதில் ஒன்று பேச்சியம்மாளின் கறவை. மற்றவை பிழைத்து நின்றன. அந்த வாரம் நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்றுதான் நான் நினைத்தேன். டாக்டர் மட்டும் பேச்சியம்மாளிடம், "பாறையில யாரெல்லாம் நக்கிச்சு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

கொஞ்ச நாளில் புதருக்குள் ஒரு காட்டுக்கன்று செத்துக் கிடந்தது. டாக்டர் அங்கேயே அதை அறுத்துப் பார்த்தார். குடலைப் பார்த்ததும் வெக்கைதான் என்பதில் சந்தேகத்துக்கே இடமில்லை.

வீட்டுமாட்டைக் கட்டிவைத்து ஊசி போடலாம். காட்டுமாட்டுக்கு யார் போடுவது? கழுத்து வெளியே தெரியப் பத்து நாள்கூட ஆகாது என்று படகுக்காரர்கள் சொன்னார்கள். தெரிந்ததும் அவை நடந்து போய் அக்கரைக் கூட்டங்களோடு சேரும். அந்தக் காட்டில் எத்தனை நூறு காட்டுமாடுகள் இருந்தன என்று எனக்குத் தெரியாது. வெக்கை நுழைந்தால் ஒரு மழைக்காலத்துக்குள் காடு காலியாகிவிடும் என்பது தெரியும். வேறொரு மலையில் அப்படி ஆனதை டாக்டர் பார்த்திருக்கிறார். அவர் எழுதி அனுப்பினார். எமர்ஜென்சி காலம், காகிதங்களுக்குக் கால் முளைத்திருந்தது. நோய் கண்டவற்றைச் சுட்டுப் புதைக்க உத்தரவு வந்தது. வனத்துறை ரேஞ்சர் துப்பாக்கிக்காரர்களோடு வந்தார்.

திட்டில் பாதிக்கு மேல் உண்ணிச்செடிப் புதர். முதல் வெடிச் சத்தத்தில் அவை சிதறிவிடும், சும்மா இருக்கையில் தண்ணீரில் இறங்காததும் காயம்பட்டால் மிரண்டு குதித்து அக்கரைக்கு நீந்தும். எல்லாம் ஒன்றாக வெட்டவெளியில் நிற்கும் இடம் உப்புப்பாறை ஒன்றுதான். ரேஞ்சர் ஓர் ஆளை விட்டு உப்பு வைத்துத் தகரம் தட்டச் சொன்னார். காட்டுமாடுகள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு இன்னும் உள்ளே போயின. அவர் சலித்துப்போய் எங்களிடம் வந்து, "அந்த அம்மாகிட்ட நீங்க சொல்லுங்க. இல்லேன்னா நான் ஆர்டர் போடவேண்டி வரும்" என்றார்.

"ஆர்டர் வேண்டா. எனக்கு ஒரு ராவிலே சமயம் தரணும்" என்றார் டாக்டர். ராவிலே என்றால் அவர் பாஷையில் காலை, ஒரு காலைப்பொழுது போதுமாம். ரேஞ்சரின் தூரக்கண்ணாடியை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலையில் பேச்சியம்மாளைக் கூட்டிக்கொண்டு நாங்கள் மூவரும் சரிவுக்கு மேலே ஒரு பாறைக்குப் பின்னால் உட்கார்ந்தோம். எதற்கு என்று டாக்டர் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. கீழே, தண்ணீரோரம் ஒரு காட்டுப்பசு தனியாக நின்றது. டாக்டர் முதலில் பார்த்தார். பிறகு தூரக்கண்ணாடியைப் பேச்சியம்மாள் கையில் கொடுத்து, எப்படிப் பிடிப்பது என்று காட்டினார்.

"நீங்க தன்னெ நோக்குங்க."

பேச்சியம்மாள் வெகுநேரம் பார்த்தார். அந்தப் பசுவின் இரண்டு கண்ணிலிருந்தும் கறுப்பாகக் கோடு இறங்கியிருந்தது. வாயிலிருந்து எச்சில் நூல்நூலாகத் தண்ணீரில் விழுந்தது. குடிக்க வந்து, குடிக்க முடியாமல் நின்றுகொண்டிருந்தது. அதன் கன்று மடியை முட்டிக்கொண்டே இருந்தது. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"கிடேரிக்கு வந்ததுதான?" என்று கேட்டார்.

"அதேதான்."

"நம்ம மாட்டுல மத்தது பொழச்சு நின்னுருச்சே சார்."

"அதுக்கு ஊசி போட்டோம். இதுல பொழச்சு நிக்கறது ரொம்பக் குறைவு. நோய் நிக்கறதுக்கு முன்னே கழுத்து தெரியும். அது அக்கரைக்கு நடக்கும்." துப்பாக்கிகள் எதற்கு வந்தன என்பது திட்டுக்கே தெரியும். தகரம் தட்டிக் கூப்பிடுங்கள் என்று டாக்டர் கேட்கவில்லை.

பேச்சியம்மாள் தூரக்கண்ணாடியைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். "நேத்து வேற ஆளு தகரம் தட்டுனாகளே, அதுக வரலையில்லா?"

"வரலை."

"வராது" என்றார். "நாளை மறுநா அமாவாசை. அன்னைக்குத் தட்டுதேன். அமாவாசை இல்லாத நாளுல பொய்யாத் தட்ட மாட்டேன். உப்பும் வைப்பேன். வெறும் பாறைக்கு அதுகளக் கூப்பிட மாட்டேன் சார்."

ரேஞ்சர் இரண்டு நாளை வீணாக்குவதாகக் குதித்தார். டாக்டர் தண்ணீர் அளவைக் காட்டி அவரை அடக்கினார்.

அமாவாசையன்று திட்டின் மாடுகளைத் தொழுவங்களில் கட்டிவைத்தார்கள். துப்பாக்கிக்காரர்கள் பாறைக்கு எதிரே மறைந்துகொண்டார்கள். நானும் டாக்டரும் கொஞ்சம் தள்ளி நின்றோம். பேச்சியம்மாள் குளித்து, துவைத்த சேலை கட்டி வந்தார். முறம் நிறையக் கல்லுப்பு. அதைப் பாறையில் கொட்டி, ஒவ்வொன்றுக்கும் இடம் விட்டு, கையால் பரப்பினார். தகரத்தைத் தட்டினார். "வாங்கத்தா... வாங்க..." குரல் எப்போதும்போலத்தான் இருந்தது. எப்படி அப்படி இருக்க முடிந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அவை வந்தன. மூக்கு ஒழுக, தள்ளாடிக்கொண்டு வந்ததும் உண்டு. பார்வைக்கு நன்றாக இருந்ததும் உண்டு. நோய் கண்டவை மட்டும் என்றுதான் உத்தரவு. அந்தப் பாறையை நக்கியவை எல்லாவற்றிலும் நோய் இருக்கும் என்று டாக்டர் முந்தின நாளே எழுதிக் கொடுத்திருந்தார். புண் வாயில் உப்புப் பட்டதும் ஒரு பசு தலையை உதறியது, ஆனாலும் மறுபடி குனிந்தது. பேச்சியம்மாள் வழக்கமான இடத்துக்குப் பின்வாங்கி, முறத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். திரும்பிக்கொள்ளுங்கள் அக்கா என்று நான் சைகை காட்டினேன். அவர் திரும்பவில்லை.

சுடுவது சீக்கிரம் முடிந்துவிட்டது. அதை எழுத எனக்கு மனமில்லை. மலையில் எதிரொலித்த சத்தம் அடங்கியதும், தொழுவங்களில் கட்டியிருந்த மாடுகள் கயிற்றை இழுத்துக்கொண்டு கதறுவது கேட்டது.

"பெருசு வரலை" என்றார் ரேஞ்சர். காளை எப்போதும் கடைசியில்தானே வரும். அது புதருக்குள்ளேயே நின்றுவிட்டது. ரேஞ்சர் டாக்டரைப் பார்த்தார், டாக்டர் தரையைப் பார்த்தார்.

மறுபடி கூப்பிடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. பேச்சியம்மாளே கீழே வைத்திருந்த தகரத்தை எடுத்தார். முறத்தில் ஒட்டியிருந்த உப்பைத் தட்டிச் சேர்த்து, விழுந்து கிடந்தவற்றின் பக்கம் போய், பாறையில் ரத்தம் படாத ஒரு மூலையில் வைத்தார். தட்டினார். கூப்பிட்டார். கூப்பிடும்போது இந்த முறை குரல் உடைந்தது. இருந்தும் அது வந்தது. அத்தனை வெடிச்சத்தத்துக்குப் பிறகும், ரத்த வாடைக்கு நடுவிலும், அந்தத் தகரத்தை நம்பி வந்தது.

குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டு, தோலுக்கும் கறிக்கும் யாரும் தோண்டாதபடி தோலைக் கீறிப் புதைத்தோம். பாறையைச் சோடாவால் தேய்த்துக் கழுவினேன். அது என் வேலை. சில நாளில் கழுத்து வெளியே வந்தது. அதில் நடந்துபோக ஒரு காட்டுமாடும் இல்லை. அக்கரைக் காட்டில் நோய் இறங்கவில்லை. அந்த வருடமும் இல்லை, அடுத்த வருடமும் இல்லை. டாக்டருக்குப் பாராட்டு வந்தது. அதை அவர் என்ன செய்தார் என்று நான் பார்க்கவில்லை.

தடை நீங்கியபின் மாடுகளைப் பார்த்துவர நாங்கள் இருவரும் கழுத்தின்மேல் நடந்தே திட்டுக்குப் போனோம். பேச்சியம்மாள் ஒவ்வொரு பசுவிடமும் போய் உள்ளங்கையில் உப்பு வைத்து ஊட்டிக்கொண்டிருந்தார். பாறைக்கு ஓட்டிப்போகவில்லையா என்று கேட்டேன்.

"தகரத்தை எடுத்தாலே ஓடுதுக சார். ஒருநா தட்டிப் பாத்தேன், தண்ணிக்குள்ள எறங்கிருச்சு. இனிமே நான் எதையும் கூப்பிட முடியாது" என்றார்.

டாக்டர் ஒரு பசுவுக்கு வெப்பமானி வைத்து எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பேச்சியம்மாள் பழக்கத்தில் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நீட்டினார். டாக்டர் அதற்குள் வெப்பமானியை உதறிவிட்டார். வெள்ளிக்கோடு கீழே இறங்கிவிட்டது.

"சுகமாயிட்டு உண்டு" என்றார்.

நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. "அன்னைக்குக் காட்டாம வெறுமனே சொல்லியிருந்தீகன்னா, மாட்டேன்னு சொல்லியிருப்பேன் சார்" என்றார் பேச்சியம்மாள். அதில் கோபம் இருந்ததா, வேறு ஏதாவதா என்று என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

டாக்டர் வெப்பமானியைக் குழாயில் போட்டு மூடினார். அதற்குப் பிறகும் நான் அவரிடம் பல வருடம் வேலை பார்த்தேன். நின்று நோக்குவது, மோந்து பார்ப்பது, சோப்பைக் கரைத்துக் கழுவுவது எல்லாம் அப்படியேதான் இருந்தன. வெப்பமானியை மட்டும் அவரே படித்து, அவரே உதறி, அவரே மூடிவைத்தார்.